சல்லடை உண்டாக்கிய வெறுமை: கிரெட்டேசியஸ் எல்லை மாதிரிகளில் நேர்ந்த ஒரு பிழை

பின்னணி

கோலாலம்பூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்புதைபடிவ ஆய்வகத்தில் நடந்தது இது. முதுகலை ஆய்வு மாணவி ஒருவர், அவருடைய நெறியாளர், துணை நெறியாளராக நான், ஆய்வகத்தை நெடுங்காலமாகக் கட்டிக்காத்து வரும் உதவியாளர் ஆகிய நால்வரும் இதில் உண்டு. உதவியாளரை எல்லாரும் அக்கா என்றே அழைப்போம். மாணவியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பிழை நடந்தது அவர் கையால்தான். ஆனால் அதற்கு வழி செய்துவைத்தது நாங்கள்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையாகத் தோன்றும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலம் முடிந்து பேலியோசீன் தொடங்கிய எல்லையில், கடலடியில் படிந்த ஃபோராமினிஃபெரா ஓடுகள் எப்படி மாறின? ஃபோராம் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் இவை ஒற்றைச் செல் உயிர்கள். பெரும்பாலானவை சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். சில இனங்கள் கடலின் மேல்நீரில் மிதந்து வாழ்பவை. சில, கடலடிச் சேற்றிலேயே குடியிருப்பவை. செத்தபின் இரண்டும் ஒரே சேற்றில் வந்து சேர்கின்றன. ஆகவே ஒரு கைப்பிடிச் சேற்றில் மேல்நீரின் கதையும் அடித்தளத்தின் கதையும் கலந்தே கிடக்கும்.

அந்த எல்லையைப் பற்றிப் பொதுவாசகர்கள் அறிந்தது டைனோசரும் விண்கல்லும். 1980இல் லூயிஸ் ஆல்வரெஸ், வால்ட்டர் ஆல்வரெஸ் குழுவினர் இத்தாலியின் குப்பியோவில் ஒரு மெல்லிய களிமண் படிவத்தில், விண்கற்களில் அதிகமாகவும் பூமியின் மேலோட்டில் அரிதாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். 1991இல் மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளம் அதற்குக் காரணமான மோதலின் தடமாக முன்வைக்கப்பட்டது. ஆனால் அதே குப்பியோவில், இரிடியத்தை யாரும் தேடுவதற்கு முன்பே, 1964இல் லூட்டர்பாக்கரும் பிரெமோலி சில்வாவும் ஃபோராம்களை வைத்தே அந்த முறிவைக் குறித்துவிட்டார்கள். களிமண்ணுக்குக் கீழே பெரிய, அலங்காரமான ஓடுகள். மேலே கண்ணுக்கு எட்டாத குட்டி ஓடுகள். அந்தக் குட்டிகளில் ஒன்றுக்கு ஊரின் பழைய லத்தீன் பெயரையொட்டி 'யூகுபினா' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கதையை நான் மாணவிக்கு முதல் வாரமே சொன்னேன். சொன்ன நானே அதன் பொருளை உள்வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தீபகற்ப மலேசியாவில் இந்த எல்லையைக் காட்டும் கடற்பாறை கிடையாது. பத்துமலையின் சுண்ணாம்புக்கல் சிலூரியன் காலத்தது, 40 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. இங்குள்ள கிரெட்டேசியஸ் பாறைகளோ ஆறும் ஏரியும் இட்டவை. மாணவி அரியலூரைக் கேட்டார். அவருடைய தாத்தாவின் ஊர் அந்தப் பக்கம். அங்கே கிரெட்டேசியஸ் கடற்படிவும் உண்டு, அதற்கு மேல் நிணியூர்ப் பகுதியில் பேலியோசீனின் முதல் கட்டமான டேனியன் காலப் படிவும் உண்டு. இடையில் கல்லமேடு அடுக்கு ஆற்றுப் படிவாக இருப்பதால் கடலின் பதிவு அறுந்துபோகிறது. மனமில்லாமல் விட்டுவிட்டோம்.

முடிவில், வடமேற்குப் பசிபிக்கின் ஷாட்ஸ்கி மேட்டில் 2001இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் துளையிட்டு எடுத்த மண்ணுருளைகளிலிருந்து மாதிரி கேட்டோம். சுமார் 2400 மீட்டர் ஆழத்துக் கடலடி அது. வெள்ளை வெளேரென்ற மாஸ்ட்ரிக்டியன் (கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டம்) சேற்றின் மேல் சுமார் பத்து சென்டிமீட்டர் பழுப்பேறிய ஆரஞ்சு நிறச் சேறு, பிறகு மீண்டும் வெளுப்பு. எல்லைக்குக் கீழே 40 சென்டிமீட்டரிலிருந்து மேலே 60 சென்டிமீட்டர் வரை 14 மாதிரிகள் வந்தன. ஒவ்வொன்றும் 10 கன சென்டிமீட்டர். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுகூட இராது.

முதல் கழுவல்

வேலை முறை புதிதல்ல. மாதிரியை 50 டிகிரிக்குக் கீழே உலர்த்தி, எடைபோட்டு, சேறு பிரிவதற்கான உப்பு சிறிது கலந்த நீரில் ஊறவைத்து, சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையால் கழுவவேண்டும். சல்லடையில் தங்கியதை உலர்த்தி, சமமாகப் பங்கிட்டு, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டம் போட்ட அட்டையில் ஒட்டி, முந்நூறு வரை எண்ணவேண்டும். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் அந்தப் பசையில் பூஞ்சை பூத்துவிடும் என்பதால் உலர்பெட்டி ஒன்றை அக்கா எப்போதும் சிலிக்கா மணிகளோடு தயாராக வைத்திருப்பார்.

கழுவும் தொட்டியின் மேல் சுவரில், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'சல்லடை: 150 மைக்ரான்' என்று அதில் உண்டு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தென்சீனக் கடலின் பனிக்கால மாதிரிகளுக்காக எழுதப்பட்ட தாள் அது. அந்த வகை ஆய்வுகளில் 150 மைக்ரானுக்கு மேற்பட்ட ஓடுகளையே எண்ணுவது நெடுநாள் வழக்கம். இக்கால வெப்பக்கடல் இனங்கள் பெரியவை, அந்த அளவே போதும். தாளில் எந்தக் காலத்து மாதிரிக்கு என்ற குறிப்பு இல்லை. மாணவி தாளைப் படித்தார், அப்படியே செய்தார். நானும் இரண்டு முறை அந்த வழியாகப் போனேன். சல்லடையின் எண்ணைப் பார்க்கவில்லை.

இன்னொரு முடிவும் அப்போது எடுக்கப்பட்டது. பதினொரு மாதிரிகளில் ஒவ்வொன்றிலும் பாதியை மட்டும் மாணவி கழுவி, மீதியைப் பொட்டலமாக வைத்துக்கொண்டார். எல்லையை ஒட்டிய மூன்றை மட்டும் முழுதாகக் கழுவினார். முக்கியமான இடத்தில் நிறைய ஓடு கிடைக்கட்டும் என்பது காரணம். நெறியாளரும் சரி என்றார். அப்போது எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

கண்டவை

கீழ் மாதிரிகள் அள்ளி அள்ளிக் கொடுத்தன. விளிம்பில் இரட்டை வரப்புக் கட்டியது போன்ற குளோபோட்ரங்கானா, பம்பரம் போலக் கூம்பிய ரேசெமிகுயெம்பெலினா, சடை பின்னியது போல அறைகள் இருபுறமும் மாறிமாறி வரும் ஹெட்டரோஹெலிக்ஸ். மாணவி ஒரு வாரம் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை.

எல்லைக்கு மேலே போனதும் தட்டில் எதுவும் இல்லை. சல்லடையில் தங்கியது ஒரு மெல்லிய படலம்தான். அதில் கடலடி வகை ஓடுகள் சில, மீன் பற்கள் சில, தேய்ந்து நிறம் மாறிய கிரெட்டேசியஸ் ஓடுகள் சில. எண்ணிப் பார்த்தால் மிதக்கும் வகை அடியோடு இல்லை. கடலடி வகையின் சதவீதம் செங்குத்தாக ஏறியிருந்தது.

இதை வைத்து அவர் ஒரு கருத்தரங்கச் சுருக்கம் எழுதினார். மேல்நீர் பல்லாயிரம் ஆண்டுகள் ஃபோராம் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது, அதே வேளையில் கடலடி வாசிகள் செழித்துப் பெருகினர் என்பது அதன் சாரம். வாசிப்பதற்கு நன்றாக இருந்தது. நெறியாளர் ஒரு கமாவைத் திருத்தினார். நான் ஒரு சொல்லை மாற்றினேன். அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளுக்குள் இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது: எல்லைக்கு ஆறு சென்டிமீட்டர் கீழேயிருந்து வந்த ஒரு குளோபோட்ரங்கானாவை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தபோது, அதன் தொப்புள் குழியில் நான்கு குட்டி உருண்டை ஓடுகள் சிக்கியிருந்தன. அவற்றின் தோற்றம் பார்வுலாருகோகுளோபிஜெரினா யூகுபினாவைப் போலவே இருந்தது. அது டேனியன் இனம். எல்லைக்குக் கீழே இருக்கக் கூடாதது. "டாக்டர், இது இங்கே எப்படி வந்தது?" என்று படத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அளவுகோலைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 100 மைக்ரானுக்கும் குறைவு. 'எங்கே இருக்கிறது' என்ற கேள்வியிலேயே நாங்கள் இருவரும் சிக்கிக்கொண்டோம். 'இவ்வளவு சிறியது சல்லடையில் எப்படித் தங்கியது' என்று கேட்கத் தோன்றவில்லை.

அதைக் கேட்டது அக்கா. தீபாவளிக்கு முந்திய வாரம் அது. முறுக்குக்கு மாவு சலித்த களைப்போடு வேலைக்கு வந்திருந்தார். மாணவி தட்டு காலியாக இருப்பதைப் பற்றிப் புலம்பியபோது, "வீட்டில் மாவு சலித்தால் கீழே விழுவதைத்தானே எடுத்துவைப்போம். நீங்கள் கப்பியை வைத்துக்கொண்டு மாவைத் தொட்டியில் விடுகிறீர்களே அம்மா. இந்த மண்ணில் மாவு வேண்டாமா?" என்றார். மாணவி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன்.

வெறுமை எங்கிருந்து வந்தது

எல்லைக்குப் பின் முதலில் கடலை நிரப்பியவை குட்டிகள். மிதக்கும் ஃபோராம் இனங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்தன. தப்பியவை என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்பவை மிகச் சில: மும்மூன்று குண்டுமணிகளை அடுக்கியது போன்ற குயெம்பெலிட்ரியா கிரெட்டேசியா, ஹெட்பெர்கெல்லாவின் ஓரிரு இனங்கள். எல்லாமே சிறு உருவம். அவற்றின் வழியிலும் புதிதாகவும் தோன்றிய டேனியன் முதல் தலைமுறையும் பெரும்பாலும் 100 மைக்ரானைச் சுற்றியே நின்றது. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். இரண்டு முடி தடிமனுள்ள துளை வழியாக ஒரு முடி அகலமுள்ள ஓடு விழுந்து போவதில் வியப்பில்லை. ஆரம்ப டேனியனுக்கு 63 மைக்ரான், சில சமயம் 38 மைக்ரான் சல்லடை வேண்டும் என்பது இத்துறையில் பழைய பாடம்.

அதாவது மேல்நீர் வெறுமையாக இருந்ததாக நாங்கள் எழுதியது எங்கள் தொட்டியின் வாய்க்காலைப் பற்றிய செய்தி. கடலடி வகை 'செழித்தது' என்பதும் அதே பிழையின் மறுபக்கம். நூற்றில் எத்தனை என்று எண்ணும்போது ஒரு பங்கை வாய்க்காலில் விட்டுவிட்டால் மறு பங்கு தானாக உயரும். உலர்எடை அவர் குறித்து வைத்திருந்தார், நல்லவேளை. ஒரு கிராமுக்கு எத்தனை ஓடு என்று கணக்கிட்டபோது கடலடி வகை பெருகவே இல்லை. சதவீதம் மட்டும்தான் பெருகியிருந்தது.

யூகுபினா எல்லைக்குக் கீழே இருந்ததற்கும் விடை கிடைத்தது. கப்பலில் எடுத்த மண்ணுருளைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வெள்ளைச் சேற்றுக்குள் பழுப்புப் புள்ளிகளும் வால்களும் தெரிந்தன. எல்லைக்குப் பின் கடலடியில் வாழ்ந்த உயிர்கள் வளை தோண்டி, மேலிருந்த புதுச் சேற்றைக் கீழே கொண்டுபோய் அடைத்திருக்கின்றன. ஷாட்ஸ்கி மண்ணுருளைகளில் இது நன்கறியப்பட்ட செய்தி. கப்பல் அறிக்கையிலேயே இருந்தது. நாங்கள் படத்தைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்த்து மாதிரி கேட்டிருந்தோம். கழுவும்போது கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அவர் மேல் மாதிரியிலிருந்து கீழ்நோக்கி வரிசையாகக் கழுவியவர். இரண்டில் எது என்று அந்த நான்கு ஓடுகளைப் பொறுத்தவரை எங்களால் பிரிக்க முடியவில்லை.

எடுத்த முடிவுகள்

கருத்தரங்கச் சுருக்கத்தை அனுப்பவில்லை. இதில் விவாதமே எழவில்லை.

விவாதம் எழுந்தது மீதி விஷயத்தில். பதினொரு மாதிரிகளின் பாதி கையில் இருந்தது. எல்லையை ஒட்டிய மூன்றில் எதுவும் இல்லை. அந்த மூன்றும் இல்லாமல் ஆய்வேட்டை முடித்துவிடலாம் என்றார் நெறியாளர். மாணவியின் உதவித்தொகைக்கு எட்டு மாதமே பாக்கி. நெறியாளரின் கவலையில் நியாயம் இருந்தது. எல்லையைப் பற்றிய ஆய்வில் எல்லையே இல்லாமல் எப்படி என்பது என் வாதம். மாணவி இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடி மாதிரி கேட்போம் என்றார்.

இடையில் அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை முழுவதும் வேறொன்று செய்தார். கழுவும் தொட்டிக்கு அடியில், சேறு குழாயை அடைக்காமல் இருக்க ஒரு படிவுப் பெட்டி உண்டு. அதைக் கழற்றி, அடியில் கிடந்த சேற்றை எடுத்து, 38 மைக்ரான் சல்லடையில் கழுவிப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை எனக்குக் காட்டினார். எல்லாம் அதில் இருந்தன: குயெம்பெலிட்ரியா, யூகுபினா, வூட்ரிங்கினா, உடையாமல், பளிச்சென்று. அவற்றோடு இன்றைய தென்சீனக் கடலின் குட்டி ஓடுகளும், வேறு மாணவர்களின் மயோசீன் ஓடுகளும். எது எந்த சென்டிமீட்டரிலிருந்து வந்தது என்று சொல்ல வழியே இல்லை. "இதைப் பயன்படுத்த முடியாதா டாக்டர்?" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அடுக்கு தெரியாத புதைபடிவம் அழகான பொருள்; சான்று ஆகாது.

மண்ணுருளைகளைச் சேமித்து வைத்து மாதிரி தரும் களஞ்சியத்துக்கு எழுதிய கடிதத்தில் நடந்ததை அப்படியே எழுதினோம். மாதிரி போதவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, மாணவிதான் மறுத்தார். எல்லைப் பகுதியின் சேறு மிகக் குறைவு, உலகெங்கும் பலர் கேட்பது, அதை வாய்க்காலில் விட்டவர்கள் காரணத்தை மறைத்துக் கேட்பது அழகல்ல என்றார்.

எண்ணுவதிலும் ஒரு மாற்றம் செய்தோம். இந்த எல்லை பற்றிய பழைய சச்சரவு ஒன்று இதற்கு வழிகாட்டியது. துனீசியாவின் எல் கெஃப் இந்த எல்லைக்கான உலகளாவிய நியம இடம். அங்கே இனங்கள் படிப்படியாக மறைந்தன என்றார் கெர்ட்டா கெல்லர். ஒரே வீச்சில் மறைந்தன என்றார் யான் ஸ்மிட். ராபர்ட் கின்ஸ்பர்க் அங்கிருந்து எடுத்த மாதிரிகளை, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், நான்கு வல்லுநர்களிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். முடிவுகள் 1997இல் வெளியாயின. ஒருவர் காணாததை இன்னொருவர் கண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகும் இரு தரப்பினரும் தங்கள் கருத்தே மெய்ப்பட்டதாகச் சொன்னார்கள் என்பது வேறு கதை. அரிய இனங்கள் உண்மையில் மறைவதற்கு முன்பே பதிவில் மறைந்துவிட்டது போலத் தோன்றும் என்று சிக்னரும் லிப்ஸும் 1982இல் சொன்னது இங்கே பொருந்தும். நாங்களும் பொட்டலங்களின் அடையாளத்தை மறைத்து, ஒவ்வொன்றையும் இருவர் எண்ணுவது என்று வைத்துக்கொண்டோம்.

பிறகு நடந்தவை

கையில் இருந்த பதினொரு பாதிகளை முதலில் எடுத்தோம். இம்முறை 150, 63, 38 மைக்ரான் சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே சல்லடைகளை மெத்திலீன் நீலக் கரைசலில் தோய்த்து எடுத்தோம். முந்தைய மாதிரியிலிருந்து ஒட்டிக்கொண்ட ஓடு நீலமாக மாறிவிடும். அடுத்த தட்டில் நீல ஓடு கிடைத்தால் அது வந்தேறி. முதல் நாளிலேயே இரண்டு நீல ஓடுகள் கிடைத்தன. சல்லடைகளை நன்கு கழுவுகிறோம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

களஞ்சியத்திலிருந்து நான்கு மாதம் கழித்து பதில் வந்தது. கண்டிப்பு எதுவும் இல்லை. கேட்ட மூன்றில் இரண்டு இடங்களுக்கு, தலா 5 கன சென்டிமீட்டர், வளைகளைத் தவிர்த்து எடுத்து அனுப்பினார்கள். எல்லைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே உள்ள மூன்றாவது இடத்தில் கொடுப்பதற்குச் சேறே மிச்சமில்லை.

புதிய எண்ணிக்கை சொன்னது இது. எல்லையில் பெரிய ஓடுகள் அறுந்துபோகின்றன. அதற்கு மேலே மிதக்கும் ஃபோராம்கள் ஏராளமாக இருக்கின்றன. இனங்கள்தான் சில, உருவம்தான் சிறிது. குயெம்பெலிட்ரியா மட்டும் ஓங்கிய முதல் மண்டலம் தனியாகப் பிரிந்து தெரியவில்லை. வளைகள் அதைக் கலக்கிவிட்டிருந்தன. யூகுபினா தெளிவாகத் தெரிந்தது. மேலே போகப்போக ஓடுகள் பெரிதாகின்றன. கடைசி மாதிரிகளில்தான் 150 மைக்ரான் சல்லடையிலும் சில தங்கத் தொடங்குகின்றன. எல்லைக்கு மேல் கிடைத்த பெரிய கிரெட்டேசியஸ் ஓடுகள் தப்பிப் பிழைத்தவையா, கிளறப்பட்டு வந்தவையா என்பதற்கு ஐசோடோப்புச் சோதனை வேண்டும். எங்களிடம் வசதி இல்லை. தேய்மானத்தை வைத்துக் கிளறல் என்றே எழுதினோம், உறுதியாக அல்ல.

கடலடி வாசிகளின் கதை மாணவியை அதிகம் ஈர்த்தது. எனக்கும் அதுவே பிடித்தது. நட்டாலைடிஸ் ட்ரூம்பியை, ஸ்டென்சியோயினா பெக்காரிஃபார்மிஸ் போன்றவை எல்லைக்குக் கீழும் இருக்கின்றன, மேலும் இருக்கின்றன. யாருக்கு யார் பெரும்பான்மை என்பது மாறுகிறது, சில இனங்கள் காணாமற்போகின்றன; பேரழிவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மேல்நீரில் பத்தில் ஒன்பது போனபோது அடித்தளம் தாக்குப்பிடித்திருக்கிறது. உலகின் பிற ஆழ்கடல் மண்ணுருளைகளும் இதையே சொல்லியிருக்கின்றன, ஆகவே இது கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் விண்கல்லைத் தாண்டிய அதே ஸ்டென்சியோயினா, சுமார் ஒரு கோடி ஆண்டு கழித்து, 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் திடீரென வெப்பமேறிய காலத்தில் மறைந்துபோனது. அந்த முறை ஆழ்கடல் ஃபோராம் இனங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அழிந்தன. மாணவி தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை இதற்காகவே நீட்டினார். நெறியாளர் குறைக்கச் சொன்னார். அவர் குறைக்கவில்லை.

உதவித்தொகை முடிந்த பிறகு மூன்று மாதம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தார். ஆய்வேடு ஏற்கப்பட்டது. தாமதத்தின் விலையை அவர் மட்டும் கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மாற்றிக்கொண்டவை

சுவர்த் தாளைக் கிழித்துவிட்டோம். புதிய தாளில் முதல் வரியே மாதிரியின் காலம் என்ன என்று கேட்கிறது. சல்லடை அளவு அதற்குப் பிறகுதான் வருகிறது. எந்த மாதிரியானாலும் அடியில் 38 மைக்ரான் சல்லடை இருக்கவேண்டும், முதல் கழுவல் நீர் வாளியில் பிடிக்கப்பட்டு எண்ணி முடியும் வரை வைக்கப்படவேண்டும். கோலாலம்பூர் வெயிலில் அந்த வாளிகளில் பாசி பிடிக்கிறது, ஆய்வகம் நாறுகிறது. அக்கா தினமும் திட்டுகிறார். அதற்கு இன்னும் தீர்வு காணவில்லை.

முக்கியமான மாதிரியைக் கடைசியில் கழுவுகிறோம். எதையும் முழுதாகக் கழுவுவதில்லை. மாதிரி கேட்கும் முன் படங்களை அச்சிட்டு மேசையில் விரித்து, வளைகளைப் பேனாவால் வட்டமிடுகிறோம். சதவீதத்தோடு ஒரு கிராமுக்கு எத்தனை என்ற எண்ணும் இல்லாத அட்டவணையை நான் இப்போது வாசிப்பதில்லை.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பதினான்கு வரி கொண்ட அட்டவணை இருக்கிறது. எல்லைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே என்ற வரியில், 150 மைக்ரானுக்குக் கீழே என்ற கட்டத்தில், மாணவி 'கழுவப்பட்டுவிட்டது' என்று எழுதியிருக்கிறார்.